பொதுப்பள்ளியில் காது கேளாத மாணவர்களுக்கு இருமொழி ஆதரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது கேளாத குழந்தை ஒன்று பொதுப்பள்ளியில் சேரும்போது ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பெற்றோர்களும் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எல்லா விடைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நிலைப்பாடு: தடையின்றிப் புரிந்துகொள்ளக்கூடிய முழுமையான மொழி ஒன்று குழந்தைக்கு முதலில் வாய்க்க வேண்டும், கருவிகளும் சலுகைகளும் பயிற்சிகளும் அதன்மேல் கட்டப்பட வேண்டியவை.

இருமொழி ஆதரவு என்பதில் எந்த இரண்டு மொழிகள் அடங்கும்?

ஒன்று, அந்த நாட்டின் காது கேளாதோர் சமூகம் பயன்படுத்தும் சைகை மொழி. மற்றொன்று பள்ளியின் பயிற்றுமொழி. தமிழ்வழிப் பள்ளியென்றால் அது தமிழ். பயிற்றுமொழியின் எழுத்து வடிவத்தை ஒவ்வொரு மாணவரும் கற்கிறார். பேச்சு வடிவத்தை எவ்வளவு கற்கிறார் என்பது, எஞ்சியுள்ள கேட்புத்திறன், கருவி பொருத்தப்பட்ட வயது, பயிற்சி, மாணவரின் விருப்பம் ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுபடும்.

பல பள்ளிகள் சைகை மொழியை, பேச்சு புரியாதபோது மட்டும் எடுத்துக்கொள்ளும் கடைசி வழியாக வைத்திருக்கின்றன. இருமொழி ஆதரவில் அது பாடம் நடத்தும் மொழி. மாணவர் கேள்வி கேட்கவும் வாதிடவும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் பயன்படுத்தும் மொழி. இந்த இடத்தை அதற்குக் கொடுக்காத ஏற்பாட்டை இருமொழிக் கல்வி என்று அழைப்பது பொருந்தாது.

சைகை மொழி உண்மையிலேயே ஒரு முழு மொழிதானா? உலகம் முழுவதும் ஒன்றுதானா?

முழு மொழிதான். 1960ஆம் ஆண்டு வில்லியம் ஸ்டோக்கோ என்ற மொழியியலாளர், அமெரிக்கச் சைகை மொழியின் ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் ஆகிய சிறு கூறுகளால் ஆனது என்றும், பேச்சு மொழியின் ஒலிகளைப் போலவே அக்கூறுகள் விதிகளுக்கு உட்பட்டுச் சேர்கின்றன என்றும் காட்டினார். அதன்பிறகு பல நாடுகளின் சைகை மொழிகள் ஆராயப்பட்டன. அவற்றுக்கெல்லாம் தமக்கெனச் சொல்வளமும் இலக்கணமும் உண்டு என்பது இன்று ஐயத்துக்கு இடமற்றது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து சைகை மொழியைப் பார்த்து வளரும் கைக்குழந்தைகள், மற்றக் குழந்தைகள் மழலை பேசும் பருவத்தில் கைகளால் மழலை பேசுவதை 1991இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது.

உலகம் முழுவதும் ஒன்றல்ல. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேச்சுமொழி ஆங்கிலமாக இருந்தும், இரு நாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு வேறுபட்டவை. யாரோ ஒருவர் உட்கார்ந்து வகுத்த மொழிகளும் அல்ல இவை. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத குழந்தைகள் முதன்முறையாகப் பெரும் எண்ணிக்கையில் ஒரே பள்ளியில் கூடியபோது, ஆசிரியர்கள் பேச்சுப் பயிற்சியையே வலியுறுத்திக்கொண்டிருக்க, அந்தக் குழந்தைகள் தங்களுக்குள் ஒரு புதிய சைகை மொழியையே உருவாக்கிக்கொண்டார்கள். குழந்தைகள் ஒருவரோடு ஒருவர் கூடியிருப்பது மொழி வளர்வதற்கு எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சைகை மொழி கற்றுக்கொண்டால் குழந்தை பேச முயலாமல் போய்விடாதா?

பெற்றோர் மிகுந்த கவலையோடு கேட்கும் கேள்வி இது. இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு, சைகையை விலக்கிவிட்டுப் பேச்சு முறையில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே வாக்களித்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் கேட்கும் திறன் உடையவர்கள். அதன் விளைவாகப் பல நாடுகளில் நீண்ட காலம் குழந்தைகள் வகுப்பில் கையசைக்கத் தடை விதிக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள். 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் பிற்காலக் கூட்டம், மிலான் தீர்மானங்களை முறைப்படி நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தமும் தெரிவித்தது. தீர்மானம் மறைந்தாலும், அது விதைத்த அச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

ஆய்வுகள் காட்டுவது வேறு. ரேச்சல் மேபெரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதிலேயே சைகை மொழியைப் பெற்ற காது கேளாதோர், பின்னாளில் கற்ற ஆங்கிலத்தில், வேறொரு பேச்சுமொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்ற கேட்கும் மக்களுக்கு இணையாக இருந்தார்கள். சிறுவயதில் எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காதவர்களோ இரு குழுவினரையும்விட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். முதல் மொழி கையால் வந்ததா, காதால் வந்ததா என்பதைவிட, உரிய வயதில் வந்ததா என்பதே அடுத்த மொழியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே, பேச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சைகை மொழியைத் தொடங்கலாம் என்று காத்திருப்பதை நான் எந்தப் பெற்றோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காத்திருக்கும் அந்த மூன்று, நான்கு ஆண்டுகள் மொழி வேர்பிடிக்கும் ஆண்டுகள். அவை திரும்பி வருவதில்லை.

காது கேட்கும் கருவியோ காக்லியர் இம்பிளான்ட்டோ (அறுவைச் சிகிச்சை மூலம் உட்காதில் பொருத்தப்படும் கேட்புக் கருவி) இருக்கும்போது சைகை மொழி எதற்கு?

கருவிகள் அருமையான உதவி செய்கின்றன. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அமைதியான அறையில், ஒருவர் எதிரில் ஒருவர் அமர்ந்து பேசும்போது கிடைக்கும் பயனை நாற்பது பேர் நிறைந்த வகுப்பறையில் எதிர்பார்க்க முடியாது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், நேராக வந்தடையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. கருவி அருகிலுள்ள நாற்காலிச் சத்தத்தையும் மின்விசிறியின் இரைச்சலையும் ஆசிரியரின் குரலோடு சேர்த்தே பெருக்குகிறது. வெற்று வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடிக்கு மேல் போகக் கூடாது என்று வகுப்பறை ஒலியியலுக்கான அமெரிக்கத் தரநிலை சொல்கிறது. திறந்த சன்னல்களும் வெறும் சுவர்களும் கொண்ட பெரும்பாலான வகுப்பறைகள் இதன் அருகில்கூட வருவதில்லை.

இந்தச் சிக்கலைக் குறைக்க, ஆசிரியரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அணியும் கம்பியில்லா ஒலிவாங்கி இருக்கிறது. அது ஆசிரியரின் குரலை நேரடியாக மாணவரின் கருவிக்கு அனுப்புகிறது. வாங்க இயன்ற பள்ளி கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் அதுவும் ஒலிவாங்கியை அணிந்தவரின் குரலை மட்டுமே தரும். பின்வரிசை மாணவர் கேட்ட கேள்வி அதில் வராது. பேட்டரி தீரும், காதில் சீழ் வரும் நாளில் கருவியை மாட்ட முடியாது, நீச்சலின்போது பெரும்பாலும் கழற்றிவைக்க வேண்டியிருக்கும். அந்த நேரங்களிலெல்லாம் மாணவர் மொழியற்றவராக நிற்கக் கூடாது. மேலும், இம்பிளான்ட் பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு இடையே பேச்சுத்திறனில் பெரும் வேறுபாடு காணப்படுகிறது. எந்தக் குழந்தை எந்த அளவுக்கு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது.

உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்வது வாசிப்பதைவிட ஊகிப்பதே அதிகம். பணம், மணம், பாலை, மாலை, பாடம், மாடம் ஆகிய இணைகளைக் கண்ணாடி முன் நின்று குரலின்றிச் சொல்லிப் பார்த்தால், உதடுகள் ஒரே மாதிரி அசைவதைக் காணலாம். ககரம் தொண்டைப்பக்கமாகப் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. லகர, ளகர, ழகர வேறுபாடு நாக்கின் உள்வேலை. ஏற்கெனவே அந்தச் சொல்லும் சூழலும் தெரிந்தவருக்கே ஊகம் கைகொடுக்கும். புதிய சொற்களைக் கற்கவே பள்ளிக்கு வந்திருக்கும் குழந்தை, தெரியாத சொல்லை உதட்டிலிருந்து எப்படி எடுக்கும்? ஆறாம் பாடவேளைக்குள் கண்ணும் மனமும் களைத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆசிரியர் பேசிக்கொண்டே சைகையும் காட்டினால் போதாதா?

அன்றாடச் செய்திகளுக்கு ஓரளவு உதவும். பாடம் நடத்தப் போதாது. பேச்சுமொழியின் சொல்வரிசையும் சைகை மொழியின் சொல்வரிசையும் வேறு. முகபாவமும் உடலைச் சுற்றியுள்ள வெளியைப் பயன்படுத்தும் முறையும் சைகை மொழியின் இலக்கணத்திலேயே அடங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்பவர் தம்மை அறியாமல் பேச்சை முழுமையாக வைத்துக்கொண்டு, சைகைகளை நடுநடுவே உதிர்த்துவிடுவார். கேட்கும் மாணவருக்கு முழு வாக்கியம் கிடைக்கும். காது கேளாத மாணவருக்குத் துண்டுச் சொற்கள் கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒரு மொழி என்பதே நல்ல வழக்கம்.

வகுப்பில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்திவிட்டால் பள்ளியின் கடமை முடிந்துவிடுமா?

முடியாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பயன்பட வேண்டுமானால், மாணவருக்கு ஏற்கெனவே சைகை மொழி சரளமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் சேரும் பல குழந்தைகளுக்கு அது தெரிந்திருப்பதில்லை. மொழியே தெரியாத குழந்தைக்கு மொழிபெயர்த்துக் காட்டுவதால் பயனில்லை. அந்தக் குழந்தைக்கு முதலில் தேவை, சைகை மொழியில் நாள்தோறும் உரையாடி, கதை சொல்லி, விளையாடி மொழியை வளர்க்கும் ஆசிரியர்.

சரளமாக அறிந்த மாணவருக்கும் சில ஏற்பாடுகள் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குப் பாடப்பகுதி முன்பே தரப்பட வேண்டும். ஒளிச்சேர்க்கையையும் இருபடிச் சமன்பாட்டையும் முன்தயாரிப்பின்றி மொழிபெயர்க்கச் சொல்வது அவருக்கும் மாணவருக்கும் செய்யும் அநீதி. இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் இடைவிடாமல் மொழிபெயர்த்தால் தரம் சரிகிறது. ஆகவே இருவர் மாறி மாறிச் செய்வதோ பாடத்தில் இடைவெளி விடுவதோ அவசியம். மொழிபெயர்ப்பு எப்போதும் சில நொடிகள் பின்னால் வரும். ஆசிரியர் கேள்வி கேட்டவுடன் முதலில் கைதூக்கியவரை அழைத்தால், காது கேளாத மாணவர் ஆண்டு முழுவதும் ஒரு முறைகூட முதலாவதாக விடை சொல்ல முடியாது.

ஆசிரியர் மாணவரைப் பார்த்தே பேச வேண்டும்; "அவனுக்குப் புரிந்ததா என்று கேளுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லக் கூடாது. வீட்டுப்பாடம் திருத்துவது, ஒழுங்கைக் கவனிப்பது, பெற்றோரிடம் குறை சொல்வது போன்றவற்றை மொழிபெயர்ப்பாளர்மேல் சுமத்தினால், மெல்ல மெல்ல அந்த மாணவர் அவருடைய மாணவராகிவிடுவார். வகுப்பாசிரியர் வெறும் பார்வையாளராகிவிடுவார்.

வகுப்பாசிரியருக்குச் சைகை மொழி தெரியாது. உடனடியாக அவர் என்ன செய்யலாம்?

கற்கத் தொடங்குவதே முதல் வேலை. சரளம் வர ஆண்டுகள் ஆகும் என்றாலும், வணக்கம், புரிந்ததா, மீண்டும் சொல், நன்று, நாளை, பக்கம் எண் போன்றவற்றைச் சில வாரங்களில் கற்கலாம். காது கேளாத ஒருவரிடம் கற்பது சிறந்தது.

அதே நேரத்தில், பார்வையின் விதிகளை மதிக்கப் பழக வேண்டும். கேட்கும் மாணவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் சொல்வதைக் கேட்கலாம். காது கேளாத மாணவருக்கு இருப்பது ஒரு வழிதான், கண். படத்தைக் காட்டிக்கொண்டே விளக்கினால், படத்தையோ விளக்கத்தையோ அவர் இழக்கிறார். ஆகவே, படத்தைக் காட்டி, பார்க்க நேரம் கொடுத்து, கண்கள் நிமிர்ந்த பின்னரே விளக்க வேண்டும். கரும்பலகையில் எழுதும்போது பேசக் கூடாது. சன்னலுக்கு முன்னால் நின்று பேசினால் முகம் நிழலாகிவிடும். அரைவட்டமாக அமரவைத்தால் பேசுபவர் யார் என்பது தெரியும். கலந்துரையாடலில் ஒவ்வொருவரும் பேசுமுன் கை உயர்த்துவதும், பின்னாலிருந்து வந்த கேள்வியை ஆசிரியர் திருப்பிச் சொல்வதும் அவசியம். எழுத்து வரிகள் இல்லாத காணொளியைப் போடுவதென்றால், அதன் எழுத்துப்படியை முதல் நாளே கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு எழுத்திலும் வர வேண்டும். தீ எச்சரிக்கை மணியோடு ஒளிரும் விளக்கும் இருப்பது உயிர் காக்கும் ஏற்பாடு. அதைச் சலுகைகளின் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் தலையாட்டும். என்ன புரிந்தது என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதே சரியான சோதனை.

தமிழில் வாசிக்கவும் எழுதவும் எப்படிக் கற்பிப்பது?

கேட்கும் குழந்தை எழுத்துக் கற்க வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களை ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும். எழுத்துக் கூட்டினால் தெரிந்த சொல் வந்துவிடும். காது கேளாத குழந்தைக்கு அந்தப் பாலம் இல்லை. ம, ர, ம் என்று கூட்டினால் கிடைப்பது அதற்கு முன்பின் தெரியாத ஒரு வடிவம். எனவே பொருளிலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் கருத்தைச் சைகை மொழியில் நன்றாகப் பேசி முடித்து, அதன்பிறகு அதற்கான எழுத்து வடிவத்துக்குச் செல்ல வேண்டும்.

காது கேளாத ஆசிரியர்கள் பலர் இயல்பாகவே கையாளும் ஒரு முறை உண்டு. எழுதிய சொல்லைச் சுட்டிக்காட்டுவார்கள். உடனே அதற்குரிய சைகையைக் காட்டுவார்கள். அந்தச் சைகை மொழியில் விரலெழுத்து இருந்தால் எழுத்தெழுத்தாகவும் காட்டுவார்கள். மீண்டும் எழுதிய சொல்லுக்கே வருவார்கள். கண்ணியோடு கண்ணி கோத்ததுபோல் வடிவங்கள் பிணைந்து நினைவில் நிற்கின்றன. கதை வாசிக்கும்போது வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், முழுக் கதையையும் சைகை மொழியில் சுவையாகச் சொல்லிவிட்டு, பிறகு பக்கத்தைத் திறந்து இந்த இடத்தை எழுத்தாளர் எப்படி எழுதியிருக்கிறார் என்று தேடவைப்பது நல்ல பயன் தரும்.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முதலாவது, விகுதிகளும் உருபுகளும். "ஆசிரியர் மாணவரை அழைத்தார்", "ஆசிரியரை மாணவர் அழைத்தார்" என்ற இரண்டு வாக்கியங்களில் சொல்வரிசை ஒன்றே. ஓர் ஐகாரம் இடம் மாறியதால் அழைத்தவர் மாறிவிட்டார். பேச்சில் இந்த உருபுகள் மெலிந்து ஒலிப்பதால் கருவி அணிந்த காதிலும் எளிதில் விழுவதில்லை. ஆனால் சைகை மொழிகள் பலவற்றில் இதே வேலையைச் சைகையின் திசை செய்கிறது: 'கொடு' என்ற சைகை கொடுப்பவரிடமிருந்து பெறுபவரை நோக்கி நகரும். "நீ கையைத் திருப்பிக் காட்டும் இடத்தில் தமிழ் இந்த எழுத்தை வைக்கிறது" என்று காட்டினால், மாணவர் தமக்குத் தெரிந்த இலக்கணத்தைக் கொண்டு தெரியாத இலக்கணத்தைப் பிடித்துக்கொள்கிறார். காலமும் அப்படியே. சைகை மொழியில் பெரும்பாலும் காலத்தை முதலில் நிறுவிவிட்டு நிகழ்ச்சிக்குச் செல்வார்கள். தமிழ் ஒவ்வொரு வினைக்குள்ளும் காலத்தைப் பொதிந்து வைக்கிறது. இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும் இத்தகைய ஒப்பீட்டுப் பாடமே இருமொழிக் கல்வியின் உயிர்ப்பகுதி என்பது என் உறுதியான எண்ணம். இதற்கு ஆசிரியர் இரு இலக்கணங்களையும் அறிந்திருக்க வேண்டும். இல்லையெனில், அறிந்த இருவர் சேர்ந்து கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் உள்ள இடைவெளி. சுற்றியிருப்போரின் உதடுகள் "வந்துட்டாங்க" என்கின்றன. புத்தகம் "வந்துவிட்டார்கள்" என்கிறது. கேட்கும் குழந்தை இவ்விரண்டும் ஒன்றென்பதைத் தொலைக்காட்சியிலும் மேடையிலும் கதையிலும் ஆயிரம் முறை கேட்டு உணர்கிறது. காது கேளாத மாணவருக்கு இதை வெளிப்படையாக, இணை இணையாக எழுதிக் கற்பிக்க வேண்டும். தானாக வரும் என்று விட்டுவிடக் கூடாது.

எழுத்தில் பிழைகள் நிறைய இருக்கின்றன. தேர்வில் எப்படி மதிப்பிடுவது?

எதை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அறிவியல் தேர்வில் அறிவியல் அறிவையே அளக்க வேண்டும். உருபு விடுபட்டதற்காக மதிப்பெண் குறைப்பது தவறு. வினாத்தாளைச் சைகை மொழியில் விளக்குவதும், மாணவர் சைகையில் சொல்லும் விடையைக் காணொளியாகப் பதிவுசெய்து திருத்துவதும், கூடுதல் நேரம் தருவதும் நியாயமான வழிகள். தமிழ்ப் பாடத்திலோ தமிழைத்தான் அளக்கிறோம். அங்கே பிழையைக் கண்டும் காணாமல் விடுவது பரிவாகத் தோன்றினாலும் மாணவருக்கு நன்மை செய்வதில்லை; ஒரு கட்டுரையில் ஓரிரு வகைப் பிழைகளை மட்டும் எடுத்து, காரணத்தைச் சைகை மொழியில் விளக்கி, திரும்ப எழுதவைப்பது நல்லது. பக்கமெங்கும் சிவப்பு மையைத் தீட்டுவதால் யாரும் எழுதக் கற்றதில்லை.

பள்ளியில் காது கேளாத மாணவர் ஒருவர் மட்டுமே இருக்கிறார். அது போதுமா?

பாடத்தைக்கூட எப்படியாவது கொண்டு சேர்த்துவிடலாம். நட்பை மொழிபெயர்ப்பாளர் மூலம் நடத்த முடியாது. உணவு இடைவேளையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும்போது, அருகில் அமர்ந்து எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு எதற்கென்று தெரியாமலே எழுந்து போகும் மாணவரை, ஆசிரியர்கள் பலர் "நன்றாகக் கலந்து பழகுகிறான்" என்று குறித்துவைக்கிறார்கள். இந்தத் தனிமை வெளியில் தெரிவதில்லை. மதிப்பெண் பட்டியலிலும் வராது.

ஆகவே காது கேளாத மாணவர்களை ஊருக்கு ஒருவராகச் சிதறடிக்காமல், ஒரு பொதுப்பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஐந்தாறு பேராவது சேர்ந்திருக்குமாறு அமைப்பது அறிவுடைமை. ஹாங்காங்கில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் ஒன்று இந்த வழியில் செல்கிறது: காது கேளாத மாணவர்களின் சிறு குழுவும் கேட்கும் மாணவர்களும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், கேட்கும் ஆசிரியரும் காது கேளாத ஆசிரியரும் இணைந்து பாடம் நடத்துகிறார்கள், எல்லா மாணவர்களுக்கும் இரு மொழிகளும் பழக்கமாகின்றன. இது உடனே இயலாத இடத்தில், வகுப்பு முழுவதற்கும் சைகை மொழியை வாரப் பாடமாக வைப்பதும், வேறு பள்ளிகளிலுள்ள காது கேளாத மாணவர்களோடு தவறாமல் சந்திக்க வழி செய்வதும் மிகக் குறைந்தபட்சக் கடமைகள். மற்ற மாணவர்களின் படிப்பு இதனால் கெடுமோ என்ற கவலைக்கு அடிப்படை இல்லை; தெளிவாக, ஒருவர்பின் ஒருவராக, காட்சித் துணையோடு நடக்கும் வகுப்பு எல்லாருக்கும் ஏற்றது.

காது கேளாத பெரியவர்கள் பள்ளியில் ஏன் வேண்டும்?

காது கேளாத குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தம்மைப் போன்ற பெரியவர் ஒருவரைப் பார்க்காமலே பள்ளி வயதை அடையும் குழந்தைகள் பலர். வளர்ந்ததும் தமக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும் என்று நம்பும் குழந்தைகளும் உண்டு. காது கேளாத ஆசிரியர் அவர்களுக்கு மொழியின் முழு வடிவத்தையும் வருங்காலத்தின் உருவத்தையும் சேர்த்தே தருகிறார். 2006இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, சைகை மொழியைக் கற்க வழிசெய்வதையும் காது கேளாதோர் சமூகத்தின் மொழி அடையாளத்தை வளர்ப்பதையும் அரசுகளின் கடமையாக்குகிறது. சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பணியமர்த்தவும் சொல்கிறது. உதவியாளர் பணியில் மட்டும் அவர்களை வைத்துக்கொள்வது இந்தப் பிரிவின் நோக்கத்தை நிறைவேற்றாது.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் எல்லாரும் சைகை மொழி கற்க வேண்டும். அம்மா மட்டும் கற்று, மற்றவர்கள் அவர் வழியாகப் பேசும் நிலை பல வீடுகளில் இருக்கிறது. பெற்றோர் பிழையோடு பேசினாலும் குழந்தை கெட்டுப்போகாது, பள்ளியிலும் காது கேளாதோரிடமும் நல்ல மொழியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். பள்ளி, மாலையிலோ விடுமுறை நாளிலோ பெற்றோர் வகுப்பை நடத்தித் தர வேண்டும்.

நன்றாகப் பேசும் மாணவர், உதவி எதுவும் வேண்டாம் என்கிறார். விட்டுவிடலாமா?

விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். தெளிவாகப் பேசுவதால் தெளிவாகக் கேட்கிறது என்று பொருளல்ல. மிதமான கேட்புக் குறை உடைய மாணவர்களே பெரும்பாலும் கவனிப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள். வகுப்பினர் முன் வேறுபட்டுத் தெரிவதைத் தவிர்க்க உதவியை மறுப்பவர்கள் உண்டு. வகுப்பு முழுவதும் சைகை மொழி கற்கும் பள்ளியில் இந்தக் கூச்சம் பெரும்பாலும் எழுவதே இல்லை.

பத்து, பன்னிரண்டு வயதில், எந்த மொழியும் சரியாகத் தெரியாத நிலையில் வரும் மாணவரை என்ன செய்வது?

வயதுக்குரிய பாடத்திட்டத்தை உடனே அவர்மேல் ஏற்றுவதில் பயனில்லை. முதல் ஓராண்டேனும் பெரும்பகுதி நேரம் சைகை மொழிக்கே செல்ல வேண்டும்: சைகை மொழி பேசும் பெரியவரோடும் மாணவர்களோடும் உரையாடல், அன்றைய நிகழ்ச்சிகளைச் சொல்லுதல், காரணம் கேட்டல், கதை. எண், அளவு, வரைபடம் போன்றவற்றை உடன் நடத்தலாம். இவரை அறிவுத்திறன் குறைந்தவர் என்று பேச்சுவழித் தேர்வை வைத்து முத்திரை குத்துவது பெருந்தீங்கு. இழந்த ஆண்டுகளை முழுமையாக ஈடுசெய்ய முடியாமல் போகலாம். ஆனாலும் மொழி கிடைத்த பிறகு இம்மாணவர்கள் காட்டும் வேகம், கைவிட எண்ணியவர்களை வியக்கவைக்கிறது.

ஆதரவு பலன் தருகிறதா என்பதை எப்படி அறிவது?

இரு மொழிகளையும் தனித்தனியே அளந்து, பிறகு சேர்த்துப் பார்க்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை, சொற்களற்ற படக்கதை ஒன்றை மாணவரிடம் கொடுத்து, முதலில் சைகை மொழியில் சொல்லச் சொல்லிக் காணொளியாகப் பதிவுசெய்யலாம். மறுநாள் அதையே தமிழில் எழுதச் சொல்லலாம். சைகையில் கதை செறிவாகவும் எழுத்தில் மெலிந்தும் இருந்தால், எழுத்துப் பயிற்சியில் கவனம் வேண்டும். இரண்டிலும் மெலிந்திருந்தால், எழுத்துப் பயிற்சியைக் கூட்டுவது தீர்வாகாது. மாணவருக்குச் சைகை மொழியே போதிய அளவு கிடைக்கவில்லை, ஒரு நாளில் யாரோடு எவ்வளவு நேரம் அவர் உரையாடுகிறார் என்பதிலிருந்து திட்டத்தை மாற்ற வேண்டும். இந்தப் பதிவுகளைக் காது கேளாத ஆசிரியர் ஒருவரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து பார்க்க வேண்டும். திட்டத்தைத் திருத்தும் கூட்டத்தில் மாணவரும் மொழிபெயர்ப்பாளரோடு அமர்ந்திருக்க வேண்டும். எந்தப் பாடவேளையில் ஒன்றும் புரிவதில்லை என்ற கேள்வியை முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.